கார்ப்பெட்டைத் திருப்பிப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் கார்ப்பெட்டுகள் சுருள் சுருளாக வந்து நிற்கும். நிறம் பார்ப்போம், தடவிப் பார்ப்போம், விலை பேசி வாங்கிவிடுவோம். மேற்குக் கரையில் மழை கூடுகிற அக்டோபர், நவம்பரிலேயே இந்த வியாபாரமும் சூடுபிடிக்கிறது. அப்புறம் ஹாலில் ஒரு புழுங்கல் வாடை.

வாடைக்கு மூலம் இழை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காடு இருக்கையில், கம்பளி தன் காய்ந்த எடையில் சுமார் 16 விழுக்காடு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சணல் 13, பருத்தி 8, நைலான் 4. பாலியெஸ்டரில் அரை விழுக்காடுகூட இல்லை. பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையில் கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் அதன் மூலக்கூறில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே. நீர் ஒட்டிக்கொள்ள இடமில்லை. 65 என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. நம் ஊர் இரவில் 90 சாதாரணம். பட்டுபோல் மின்னும் விஸ்கோஸ் என்ற மரக்கூழ் இழையின் பக்கமே போக வேண்டாம். நனைந்தால் அதன் வலுவில் பாதி போய்விடும்.

சரி, பாலிபுரோப்பிலீன் வாங்கினால் போதுமா? போதாது. பூஞ்சைக்கு இழையே தீனியாக வேண்டியதில்லை. படிந்த தூசியும் நம் தோல் துகளும் போதும், கூடவே ஈரம் வேண்டும். அந்த ஈரம் கீழிருந்தும் வரும். 30 டிகிரி வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த தரையைத் தொட்டால் நீராகப் படியும். அடியில் பிளாஸ்டிக் தாள் போடாமல் கட்டிய பழைய லயத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் மண்ணின் ஈரமும் மேலேறும்.

அதனால்தான் கடையில் முதலில் முதுகைப் பார்க்கச் சொல்கிறேன். முன்பக்கத்து வடிவம் பின்னாலும் தெளிவாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் நெய்தது. ஈரம் வெளியேற வழியுண்டு. துணி ஒட்டி மூடியிருந்தால், இழையைத் துணியில் குத்தி, அது கழராமல் லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலைப் பூசியிருப்பார்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்? இப்போது பூசுவது பெரும்பாலும் செயற்கைப் பால்தான். ரப்பரோ செயற்கையோ, அதன் மூலக்கூறுச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் தாக்கத் தாக்க, இறுகி வெடித்து மாவாக உதிரும்.

நெய்த, குட்டை இழைப் பாலிபுரோப்பிலீன்தான் என் தேர்வு. அதற்கும் குறை உண்டு: எண்ணெயை விடாது, முறுக்குத் தட்டைத் தள்ளி வையுங்கள். கடும் வெயிலில் நாள்கணக்கில் போட்டால் இழை நொறுங்கும். காற்றோட்டமான நிழலில் கொடியில் போட்டாலே காயும். கொடிவரை இரண்டு பேர் தூக்கிப் போகிற அளவில் வாங்குங்கள்.