துண்டு வாக்கியங்களைத் தொடுத்து எழுதப் பழக்குதல்

கோத்தகிரிப் பகுதியில் தமிழாசிரியராகப் பணியாற்றும் எனக்கு, ஒன்பதாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் கட்டுரை ஏடுகளில் எழுத்துப்பிழையை விடப் பெரிய கவலையைத் தருவது, பிழையே இல்லாத பக்கங்கள்தாம். "எங்கள் ஊரில் தேயிலைத் தோட்டம் உள்ளது. என் அம்மா இலை பறிப்பார். மாலையில் இலையை எடை போடுவார்கள். பிறகு வண்டி வரும். இலை பேக்டரிக்குப் போகும்." ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருப்பதால் சிவப்பு மை அதன் மேல் படுவதில்லை, பெற்றோரும் கையெழுத்தைப் பார்த்து நிறைவடைந்துவிடுகிறார்கள். எது எதனால் நடந்தது, எது முதன்மை, எது துணைச்செய்தி என்பதை அந்தப் பிள்ளை எழுத்தில் காட்டப் பழகவில்லை என்பது மேல்நிலை வகுப்புக்குப் போன பிறகே தெரியவருகிறது.

இதே பிள்ளையை வாயால் சொல்லச் சொன்னால், "அம்மா விடியக்காலையில எந்திரிச்சு, சோறாக்கி வச்சுட்டு, இலை பறிக்கப் போயி, சாயங்காலம் எடை போட்டதுக்கு அப்புறம்தான் வீட்டுக்கு வருவாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும். வீட்டில் படுக மொழி பேசும் பிள்ளைகளுக்கும் இது புதிதன்று. 'எந்திரிச்சு', 'போயி' போன்ற முடிவுபெறாத வினைகளான எச்சங்களை அடுக்கி, 'வருவாங்க' போன்ற ஒரே முற்றில் முடிப்பது திராவிட மொழிகளுக்குப் பொதுவான இயல்பு. ஆகவே, இல்லாத திறனை நாம் புதிதாகக் கற்பிக்கப் போவதில்லை. படத்துக்கு ஒரு வரி என்று தொடக்க வகுப்பில் பழகியதும், வாக்கியம் நீண்டால் தவறிவிடுவோம் என்ற அச்சமும், விடைகளைக் குறிப்புகளாகவே மனப்பாடம் செய்யும் வழக்கமும் சேர்ந்து, நாவில் இருக்கும் தொடர்ச்சியைப் பேனாவில் வெட்டிவிடுகின்றன. எனவே என் வகுப்பில் எந்தக் கட்டுரையும் முதலில் பேசப்பட்ட பிறகே எழுதப்படுகிறது.

அடுத்த கட்டமாகக் கரும்பலகையில் சில துண்டு வாக்கியங்களை எழுதிப்போடுகிறேன். "மலை ரயில் மேட்டுப்பாளையத்தில் புறப்படுகிறது. கல்லாறுக்குப் பிறகு ஏற்றம் மிகுதி. தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் இருக்கிறது. என்ஜின் பின்னாலிருந்து தள்ளுகிறது. ரயில் குன்னூருக்கு ஏறுகிறது." (பல்சட்டம் என்பது, என்ஜினின் பல்சக்கரம் பற்றி ஏறுவதற்கான பற்கள் கொண்ட இரும்புச் சட்டம்.) ஒரு மாணவி இவற்றை, "மேட்டுப்பாளையத்தில் புறப்படும் மலை ரயில், கல்லாறுக்குப் பிறகு ஏற்றம் மிகுதியாக இருப்பதால், என்ஜின் பின்னாலிருந்து தள்ள, நடுவே உள்ள பல்சட்டத்தின் உதவியோடு குன்னூருக்கு ஏறுகிறது" என்று இணைத்தாள். மற்றொருவன், "மலை ரயில் குன்னூருக்கு ஏறும்போது அதன் என்ஜின் முன்னால் நின்று இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது" என்று எழுதி, மீதியை அடுத்த வாக்கியத்துக்கு விட்டுவைத்தான். இரண்டும் சரி, ஆனால் முதலாவது பயணத்தைச் சொல்கிறது, இரண்டாவது என்ஜினின் புதுமையைச் சொல்கிறது. வினைமுற்றாக எதை நிறுத்துகிறோமோ அதுவே வாக்கியத்தின் முதன்மைச் செய்தி ஆகிவிடுவதால், "எதை முற்றாக வைக்கப் போகிறாய்?" என்ற கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்கிறேன். விடைக்குறிப்பில் ஒரே விடையை அச்சிட்டுவிட்டு மற்றதைத் தவறென்று அடித்தால், இந்தப் பயிற்சியின் உயிரே போய்விடும்.

இணைக்கும்போது நேரும் பிழைகளுள் பெரியது எழுவாய் மாறுவது. "கதவைத் திறந்து காட்டெருமை முற்றத்தில் நின்றது" என்று ஒரு மாணவன் எழுதினால், கதவைத் திறந்தது காட்டெருமை என்றாகிவிடுகிறது. (வகுப்பு சிரித்து ஓய்வதற்குள் பாடம் பாதி முடிந்துவிடும்.) 'திறந்து' போன்ற, 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் பொதுவாகத் தன் வினைமுதலையே, அதாவது தன் வினையைச் செய்த எழுவாயையே, கொண்டு முடியும் என்பது தொல்காப்பியம் வகுத்த விதி. 'தள்ள' போன்ற, 'செய' என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மேலே 'என்ஜின் தள்ள' என்று மாணவி எழுதியது அதனால்தான் பொருந்துகிறது. "நான் கதவைத் திறந்தபோது" என்று மாற்றினால் காட்டெருமை வாக்கியமும் நேராகிவிடும். ஆனால், "உறைபனி விழுந்து தேயிலை கருகியது" என்பதில் எழுவாய் வேறானாலும் நம் காதுக்கு உறுத்தலில்லை, ஏனெனில் முன்னது பின்னதற்குக் காரணம். உரையாசிரியர்கள் காட்டும் "மழை பெய்து நெல் விளைந்தது" என்ற எடுத்துக்காட்டும் இத்தகையதே. "விழுந்தும் கருகவில்லை", "விழுந்தால் கருகும்", "உறைபனியில் கருகிய தேயிலை" என்று ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பி எழுதச் செய்தால், எச்சங்களின் பெயர்களை மனப்பாடம் செய்யாத பிள்ளைக்கும் அவற்றின் வேலை பிடிபட்டுவிடுகிறது.

இது என் தனிப்பட்ட நம்பிக்கை மட்டுமன்று. அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு இலக்கணச் சொற்களைக் கற்பிக்காமலேயே வாக்கிய இணைப்புப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஃபிராங்க் ஓஹேரின் ஆய்வு 1973ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்த மாணவர்களின் எழுத்து முதிர்ச்சி பெற்றதை அது காட்டியது. ஸ்டீவ் கிரஹாமும் டொலோரஸ் பெரினும் 2007இல், வளரிளம் மாணவர்களுக்குப் பயன் தரும் எழுத்துப் பயிற்சி முறைகளாக முன்வைத்த 11இல் இதுவும் ஒன்று. அவை ஆங்கிலத்துக்கானவை என்பதை மறக்கக் கூடாது. அங்கே இணைப்புச்சொற்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதியைத் தமிழில் வினையின் ஈறே செய்துவிடுகிறது. அதை விட்டுவிட்டு 'மற்றும்', 'மேலும்', 'ஆகவே' என்று ஒட்டுப்போடக் கற்பிக்கும் வழிகாட்டி நூல்களைப் பெற்றோர் வாங்கித் தராமல் இருப்பதே நல்லது.

நீளமே நோக்கம் என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நாளிதழின் நீண்ட வாக்கியம் ஒன்றைக் கொடுத்து, உடைத்து எழுதச் சொல்கிறேன். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண்சரியும்போது வைக்கப்படும் எச்சரிக்கைப் பலகையையும், அதே நிகழ்வின் செய்திக்குறிப்பையும் அடுத்தடுத்து எழுத வைப்பது இன்னும் நல்ல பயிற்சி. பலகையில் "மண் சரிந்துள்ளது. இவ்வழியே செல்லாதீர்கள்" என்று துண்டாகத்தான் இருக்க வேண்டும், செய்திக்குறிப்பில், "இரவு முழுவதும் பெய்த மழையில் மண் சரிந்து சாலையை மூடியதால், போக்குவரத்து மாற்றுப்பாதையில் திருப்பிவிடப்பட்டது" என்று காரணமும் விளைவும் ஒன்றாக வர வேண்டும். இரண்டையும் எழுதிய மாணவரிடம், எதில் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டு, அவர் சொல்லும் காரணத்துக்கும் மதிப்பெண் தருகிறேன்.