பற்றவைத்த தகடு ஏன் மடங்குகிறது?

வீட்டுப் பட்டறையில் வெல்டிங் பழகத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர், 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு இரும்புத் தகடுகளை மேசைமீது சமமாக வைத்துப் பற்றவைத்திருக்கிறார். ஆறிய பிறகு பார்த்தால், நடுவிலுள்ள இணைப்பு மேசையைத் தொட்டபடி இருக்க, இரு ஓரங்களும் மேலெழும்பி நின்றனவாம். "சூடுபட்டால் இரும்பு விரியும் என்றுதானே படித்தோம், இது ஏன் சுருட்டி இழுத்துக்கொள்கிறது?" என்பது அவருடைய கேள்வி. விரிந்ததும் உண்மை, சுருங்கியதும் உண்மை. விரிய முடியாமல் போன விரிவுதான் பிறகு சுருக்கமாக வெளிப்பட்டிருக்கிறது.

பற்றவைப்பின் அடிப்படையை விரைவாகச் சொல்லிவிடலாம். மின்சுற்றை முழுமையாக்கும் எர்த் கிளாம்ப்பைத் தகட்டில் கவ்வவிட்டு, ஹோல்டர் என்ற கைப்பிடியில் செருகிய வெல்டிங் ராடின் (மேற்பூச்சுள்ள உலோகக் குச்சியின்) நுனியைத் தீக்குச்சி கிழிப்பதுபோல் உரசித் தூக்கினால், இடைவெளியிலுள்ள வாயு மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்மாவாக மாறி மின்வில் உண்டாகிறது. 20 முதல் 30 வோல்ட்டில் எரியும் அந்த வில்லின் வெப்பநிலை 5,000 டிகிரி செல்சியசை எட்டுவதால், 1,500 டிகிரியை ஒட்டி உருகும் எஃகு அதன் கீழே சிறு குளமாகிறது. ராடின் மேற்பூச்சு எரிந்து வாயுத்திரையாகவும் கசடாகவும் மாறி, அந்தக் குளத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நைட்ரஜனும் தீண்டாமல் காக்கிறது. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர் வரை வைத்து, நுனிக்கும் தகட்டுக்கும் இடையே ராடின் விட்டமளவே இடைவெளி விட்டு நகர்த்துவது பழகப் பழகக் கையில் படிந்துவிடும்.

பழகும்முன் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். வில்லிலிருந்து வரும் புறஊதாக் கதிர் அந்த நேரத்தில் வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். ஆகவே, ஒரு நொடிக்குத்தான் என்றாலும் கருங்கண்ணாடி பதித்த வெல்டிங் முகக்கவசமின்றிப் பார்க்கக் கூடாது. துத்தநாகம் பூசிய தகடு இன்னும் மோசமானது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், எஃகு உருகும் முன்பே புகையாகி நுரையீரலுக்குள் போய், காய்ச்சலையும் நடுக்கத்தையும் தருகிறது. பால் குடித்தால் அந்தப் புகை முறிந்துவிடும் என்ற நம்பிக்கை பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. பால் போவது இரைப்பைக்கு, புகை போவது நுரையீரலுக்கு. இந்த நம்பிக்கையால் எத்தனையோ பேர் பூச்சைச் சுரண்டி எடுக்காமலும் காற்றோட்டம் பார்க்காமலும் வேலை செய்கிறார்கள் என்பதே என் வருத்தம்.

இனி, தகடு மடங்கும் கதைக்கு வருவோம். ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் கம்பி 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளையும் அசையாமல் பிடித்துக்கொண்டால் அது நீள முடியாது. நீண்டிருக்க வேண்டிய அளவுக்கு அமுக்கப்பட்டு நிற்கும். சாதாரண மென்எஃகின் மீட்சி எல்லை, அதாவது பழைய வடிவத்துக்குத் திரும்பும்படி அது தாங்கும் உச்ச அழுத்தம், சுமார் 250 மெகாபாஸ்கல்; அதன் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் 200 கிகாபாஸ்கல். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், மீட்டருக்கு 1.25 மில்லிமீட்டர் வரைதான் அதை அமுக்கலாம், அதற்கு மேல் போனால் பழைய நீளத்துக்குத் திரும்பாது என்று தெரிகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறுகப் பிடிக்கப்பட்ட எஃகு நிரந்தரமாக உருமாறுவதற்கு, தண்ணீரைக் கொதிக்கவைக்கும் அளவுக்குச் சூடு கூடினாலே போதும்! இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாளின் வியப்பு எனக்கு இன்னும் குறையவில்லை.

வில்லுக்கு அடுத்துள்ள உலோகமோ 100 டிகிரியில் நிற்பதில்லை, ஆயிரத்தைத் தாண்டுகிறது. அதை அசையாமல் பிடித்திருப்பது எந்தக் கிளாம்ப்பும் அல்ல, சுற்றியுள்ள குளிர்ந்த தகடேதான். பக்கவாட்டில் விரிய வழியில்லாத அந்தச் சூடான பகுதி, சூட்டினால் வலிமையும் இழந்திருப்பதால், தகட்டின் தடிமன் திசையில் பிதுங்கிக்கொள்கிறது. வில் கடந்துபோன பின் அது ஆறிச் சுருங்கும்போது, பிதுங்கிப்போன அளவுக்கு அகலம் குறைந்திருக்கும். இணைப்பில் புதிதாக உறைந்த உலோகமும் அவ்வாறே சுருங்குகிறது. 600 டிகிரியிலிருந்து ஆறுவதற்குள் மீட்டருக்கு ஏழெட்டு மில்லிமீட்டர் குறைந்தாக வேண்டும். அக்கம்பக்கம் விடாததால், அந்தச் சுருக்கம் இழுவிசையாக உள்ளேயே தங்கிவிடுகிறது. பற்றவைத்து முடித்த சற்று நேரத்தில் கசடு "டிக், டிக்" என்று தானாகவே விரிசல் விட்டுத் தெறிப்பதைக் கேட்டிருப்பீர்கள். கசடும் எஃகும் ஒரே அளவில் சுருங்காததால் எழும் ஓசை அது. தகடு சுருங்கிக்கொண்டிருப்பதை அப்போது காதாலேயே கேட்கிறோம்.

சமமாகச் சுருங்கினால் தகடுகள் ஒன்றையொன்று நெருங்குமே தவிர மடங்காது. ஆனால் 6 மில்லிமீட்டர் தகட்டின் விளிம்புகளை 60 டிகிரி பள்ளமாகச் சாய்த்து, அடியில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், மேல்வாய் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் அகலமிருக்கும். அகலத்துக்கு ஏற்றபடிதான் சுருக்கமும். மேலே அதிகமாகவும் அடியில் குறைவாகவும் இழுக்கும்போது, இணைப்பு கீல்போல் மடங்கி ஓரங்களைத் தூக்குகிறது.

மடங்காமல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் தகடு தட்டையாக இருக்கும், ஆனால் இழுவிசை கூடுதலாக உள்ளே சிறைப்படும். 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாந்து துறையில் அமைதியாக நின்றுகொண்டிருந்த ஷெனெக்டடி என்ற புதிய எண்ணெய்க் கப்பல் திடீரென ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. குளிரில் நொறுங்கும் எஃகோடும் பற்றவைப்புக் குறைகளோடும் சேர்த்து, இந்தச் சிறைப்பட்ட விசையும் அப்போது விவாதிக்கப்பட்டது. பள்ளிகளில் குண்டும் வளையமும் காட்டி வெப்ப விரிவுப் பாடத்தை முடித்துவிடுகிறோம். விரியவிடாமல் தடுத்தால் என்னாகும் என்ற அடுத்த கேள்வியையும் அதே வகுப்பில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

வாசகருக்கான வழி இதுதான்: முதலில் இரு முனைகளிலும் நடுவிலும் டேக் (தகடுகளைப் பிடித்துவைக்கும் சிறு பற்றவைப்புப் புள்ளி) வைத்து, தகடுகளை எதிர்ப்புறமாக ஓரிரு டிகிரி சாய்த்து, அதாவது ஓரங்கள் தாழ்ந்தும் இணைப்பு உயர்ந்தும் இருக்கும்படி இணைப்பின் அடியில் மெல்லிய பட்டையைச் செருகிப் பற்றவையுங்கள், சுருக்கமே அவற்றைச் சமத்துக்குக் கொண்டுவரும். ஏற்கெனவே மடங்கிவிட்ட தகட்டையும் குப்பையில் போட வேண்டாம். அதைக் கவிழ்த்து, இணைப்பின் நேர் முதுகில் ஒரு கோடாக, மங்கிய சிவப்பு ஏறும்வரை எரிவாயு டார்ச்சால் சூடாக்கி விட்டுவிடுங்கள். சூடேறும்போது மடிப்பு இன்னும் சற்று அதிகமாவதுபோல் தோன்றும்; ஆறத் தொடங்கியதும் அதே பிதுக்கமும் அதே சுருக்கமும் இம்முறை முதுகுப்பக்கம் இழுக்க, மடிப்பு கண்ணெதிரே மெல்ல விரிந்துகொடுக்கும்.