“கம்பெனி பேரு எங்கே?”

மருத்துவ ஆய்வில் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்தில் ‘ஸ்பான்சர்’ என்று ஒரு வரி இருக்கும். போன மாதம் ஒரு அம்மாவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது. “இதுல யுனிவர்சிட்டி பேருதான் போட்டிருக்கு. கம்பெனி பேரு எங்கே தம்பி?” என்றார். கம்பெனி எதுவும் இல்லை, பல்கலைக்கழகமே நடத்துகிறது என்றேன். “அப்போ பசங்க படிச்சுப் பழகுறதுக்கா?”

மருத்துவ ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். படிவத்தை விளக்கிச் சொல்வதுதான் என் வேலையில் பாதி. இந்த இரண்டு கேள்விகளும் வராத வாரமே கிடையாது.

ஸ்பான்சர் என்றதும் விளையாட்டு வீரரின் சட்டையில் பெயர் போட்டுக்கொள்ளும் பணக்காரர்தான் நினைவுக்கு வருகிறார். ஆய்வில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்பதற்கான வரி அது. பணம் அரசு நிதியிலிருந்தோ அறக்கட்டளையிலிருந்தோ வரலாம். மருந்தை ஒரு நிறுவனம் சும்மாவே கொடுக்கலாம். ஆனால் திட்டம் சரியாக இருக்கிறதா, நடத்துவது ஒழுங்காக நடக்கிறதா, பக்கவிளைவு வந்தால் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார்களா, இதற்கெல்லாம் ஸ்பான்சர்தான் பொறுப்பு.

சரி, பல்கலைக்கழகம் ஏன் இதில் இறங்க வேண்டும்? லாபம் இல்லாத கேள்வியைக் கேட்க வேறு ஆள் குறைவு. டெக்ஸாமெத்தசோனை எடுத்துக்கொள்ளுங்கள். பல பத்தாண்டுப் பழைய ஸ்டீராய்டு, விலையும் சொற்பம். கொரோனாவுக்கு அது உதவுமா என்று சோதித்துப் பார்ப்பதில் எந்த நிறுவனத்துக்கு என்ன கிடைக்கப்போகிறது? 2020 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஸ்பான்சராக நின்று தொடங்கிய ‘ரெகவரி’ ஆய்வு அந்தக் கேள்வியைக் கேட்டது. ஜூனிலேயே பதில் வந்துவிட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 29.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலன் எதுவும் தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் முக்கியமாகப் படுகிறது. யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் ஆய்வு செய்தால்தான் தெரியும்.

அடுத்து, எல்லோரும் தடுமாறுகிற இடம். இப்படி இரண்டு சிகிச்சைகளை ஒப்பிடும் பல ஆய்வுகளில், இன்னாருக்கு இன்ன சிகிச்சை என்று டாக்டர் தேர்ந்தெடுப்பதில்லை, கணினி குலுக்கல் போல முடிவு செய்கிறது. “எனக்கு மட்டும் நல்ல மருந்தாப் போட்டுடுங்க” என்று காதோடு சொல்பவர்கள் உண்டு. எது நல்லது என்று தெரிந்திருந்தால் இந்த ஆய்வே நடக்காது என்று சொல்வேன். சிலர் நம்புவார்கள், சிலர் ‘சொல்ல மாட்டேங்கிறான்’ என்று பார்ப்பார்கள்.

பல்கலைக்கழகம் என்றாலே கறை படியாது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1999இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த மரபணு சிகிச்சை ஆய்வில் 18 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். ஆய்வை நடத்திய குழுவின் தலைவருக்கு அந்தத் துறை நிறுவனம் ஒன்றில் பங்கு இருந்தது பிறகு பெரிய சர்ச்சையானது. அதனால் “இதில் யாருக்காவது பண லாபம் உண்டா?” என்று கூசாமல் கேளுங்கள். ஆய்வில் சேருகிறவர்களின் நலனைப் பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்ததா, உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவு யாருடையது, ராத்திரி இரண்டு மணிக்கு எந்த எண்ணில் கூப்பிடுவது என்றும் கேளுங்கள். நடுவில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. அப்புறம், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அவசர சிகிச்சை தொடர்பான ஆய்வாக இல்லாதவரை, எழுந்து வந்துவிடலாம்.

அந்த அம்மா படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். நாலு நாள் கழித்து வந்தபோது ஓரத்தில் பென்சிலால் ஏழு கேள்வி எழுதியிருந்தார். ஐந்துக்கு நானே பதில் சொன்னேன். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல ஆய்வுக்குப் பொறுப்பான டாக்டரை வார்டிலிருந்து கூப்பிட்டு வந்து உட்கார வைக்க வேண்டியிருந்தது.