அஸ்வெசுமப் பட்டியலில் உங்கள் பெயர் ஏன் இல்லை

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கும் உதவிப் பணம்தான் அஸ்வெசும. பிரதேச செயலகப் பலகையில் அதன் பட்டியல் ஒட்டப்பட்ட காலத்திலிருந்து மட்டக்களப்பில் சலிக்காமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அவங்களுக்குக் கிடைச்சிருக்கு, எங்களுக்கு ஏன் கிடைக்கல்ல?" கிராம சேவகர் பெயரை வெட்டிவிட்டார், யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள், கட்சிக்காரருக்குத்தான் கொடுக்கிறார்கள் என்று ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். இவற்றில் எது எங்கே நடந்தது என்று நான் வழக்காட வரவில்லை. ஆனால் உங்கள் பெயரைத் தீர்மானிப்பது ஒரு புள்ளிக் கணக்கு. அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் செயலகத்துக்கு ஏறி இறங்கிப் பயனில்லை.

இந்தக் கணக்கு ஏன் வந்தது? அஸ்வெசுமவுக்கு முன்பிருந்த, 1995 இல் தொடங்கிய சமுர்த்தி உதவித் திட்டத்தில் யார் ஏழை என்பதைப் பெரும்பாலும் ஊர் மட்டத்து உத்தியோகத்தரின் பார்வையே முடிவு செய்தது. ஏழைக் குடும்பங்கள் பல வெளியே நிற்க, வசதியானவர்கள் பலர் உள்ளே இருக்கிறார்கள் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டியது. 2015 இலிருந்து பல ஆண்டுகளாக மாதக் கொடுப்பனவும் 420 ரூபாயிலிருந்து 3,500 ரூபாய்க்குள்தான். தெரிவுக்குப் பொது அளவுகோல் வேண்டும் என்று 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம் அப்போதே சொல்லியிருந்தது. இருபது வருடம் அது அலுமாரிக்குள் தூங்கியது. 2022 இன் பொருளாதார நெருக்கடியும், 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் அங்கீகரித்த கடன் திட்டமும் சேர்ந்து எழுப்பிவிட்ட பிறகுதான், 2023 ஜூலையில் அஸ்வெசும நடைமுறைக்கு வந்தது.

தொடங்கும்போது சுமார் 20 இலட்சம் குடும்பங்களுக்கு நான்கு வகையில் பணம் என்று அறிவித்தார்கள். மிக வறியவர்களுக்கு 15,000, வறியவர்களுக்கு 8,500, பாதிப்புறக்கூடியவர்களுக்கு 5,000, இடைநிலையில் உள்ளவர்களுக்கு 2,500 ரூபாய். 2025 ஜனவரியில் மிக வறியவர்களின் தொகை 17,500 ஆகவும் வறியவர்களின் தொகை 10,000 ஆகவும் கூடியது. கடைசி இரண்டு வகைகளும் குறுகிய காலத்துக்கென்றே வந்தவை. அவற்றின் முடிவுத் திகதி பிறகு நீடிக்கப்பட்டது. ஆகவே "போன வருடம் வந்தது, இப்போது நின்றுவிட்டது" என்றால் முதலில் நீங்கள் எந்த வகையில் இருந்தீர்கள் என்று பாருங்கள். குறைந்த வருமானக் குடும்பங்களிலுள்ள 70 வயது தாண்டிய முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கான கொடுப்பனவு வேறு. முதியோருக்கு 5,000, மற்ற இரு தரப்புக்கும் 10,000 என்று 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தினார்கள்.

சரி, புள்ளிக்கு வருவோம். குடும்பத்தை வெறும் வருமானத்தால் அளப்பதில்லை. நாட்கூலிக்காரரின் வருமானத்தை யாரால் சரியாக எழுத முடியும்? அதனால் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கமாகப் பிரித்து, அவற்றுக்குள் 22 குறிகாட்டிகளை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட வயதுப் பிள்ளை படிக்கிறதா, வீட்டில் நாட்பட்ட நோயாளி உண்டா, மின்சாரப் பாவனை எவ்வளவு, காணி, வாகனம், கால்நடை இருக்கிறதா, சுவரும் கூரையும் தரையும் எதனால் ஆனவை, மலசலகூடம் எப்படி, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்விகள் போகும். வறுமையைப் பல பக்கத்தால் அளக்க வேண்டும் என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சொல்லிவரும் முறைதான் இதற்கும் அடிப்படை. எந்தப் பக்கத்தில் குறை கூடுகிறதோ அங்கே புள்ளி ஏறும். மொத்தப் புள்ளி வெட்டுக்கோட்டைத் தாண்டினால் உள்ளே, ஒரு நூலளவு குறைந்தாலும் வெளியே.

அளவுகோல் நல்லதுதான் என்பது என் எண்ணம். கோளாறு, அது நம்முடைய மாவட்டத்து வாழ்க்கையில் வந்து உட்காரும் இடத்தில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் வீட்டு வருமான செலவின ஆய்வில் நாட்டில் நூற்றுக்கு 4.1 பேர் வறியவர்கள், மட்டக்களப்பில் நூற்றுக்கு 11.3 பேர். இந்த 11.3 உம் ஒரு சராசரிதான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் கடைத்தெருவும் மேற்கே படுவான்கரையின் மேட்டுநிலக் கிராமமும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வாவிக்கு இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போவது பஸ் பயணம். அந்தப் பக்கம் சில ஊர்களுக்கு அது அரை நாள் கூலி. மாரியில் வெள்ளம் ஏறினால் கேட்கவே வேண்டாம்.

கணக்கெடுப்பாளர் வந்து நிற்கும் ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்குத்தான்.

"சுவர்?"

"கல்."

"கூரை?"

"ஓடு."

"தரை?"

"சிமெந்து."

எல்லாமே உண்மை. வீடு யுத்தத்துக்குப் பிறகு வீட்டுத்திட்டத்தில் கிடைத்தது, அல்லது 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்தது. உள்ளே கட்டில் இல்லை, கதவுக்குப் பூச்சு இல்லை. வீட்டுக்காரி கணவனை இழந்தவள். வேளாண்மை வெட்டுக்கு மெஷின் வந்த பிறகு அவளுக்கு வரம்பில் வேலையும் இல்லை. ஆனால் வீட்டு நிலை என்ற பக்கத்தில் அவளுக்குப் புள்ளி ஏறாது. நுண்கடன் கிழமைக் கட்டுக்காக அடகில் கிடக்கும் தோடும் எந்தக் கட்டத்திலும் விழாது. வறுமையைக் குறைக்கத் தந்த வீடு, வறுமையைக் காட்டாமல் மறைத்துவிடுகிறது. வடக்கு கிழக்கில் இந்தக் குறிகாட்டிக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதைத் தனியாக ஆராய்ந்து திருத்த வேண்டும். வந்தாறுமூலையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது இந்தக் கேள்விக்கு ஆள் தேடிக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை.

இன்னொன்று, சீதன வீடு. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவின் பின்பக்கத்தில் தகரக் கொட்டில் போட்டு வாழும் தாய் தகப்பன் நம்மிடம் சாதாரணம். வேலி ஒன்று, அடுப்பு இரண்டு. வெளியூர் கணக்கெடுப்பாளருக்கு அது ஒரே குடும்பமாகத் தெரியலாம். தனியாகச் சமைத்துத் தனியாகச் செலவு பார்ப்பவர்கள் என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், கொட்டிலையும் காட்டுங்கள்.

பருவமும் பொருட்டு. பெரும்போக அறுவடை நேரத்தில் கேட்டால் கையில் காசு இருக்கும். கார்த்திகை மார்கழியில் கடலும் வாவியும் கொந்தளிக்கும்போது மீன்பிடிக் குடும்பத்தில் உலை ஏறாது. "இந்த மாதம் எவ்வளவு" என்று கேட்டால் அந்த மாதத்தை மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். வருடத்தில் எத்தனை மாதம் வேலை இருக்கும், எத்தனை மாதம் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓடாத உழவு இயந்திரமும் செத்துப்போன மாடும் சொத்தாகப் பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதேநேரம், இருக்கும் மோட்டார் சைக்கிளை ஒளிக்க வேண்டாம். பொய்த் தகவல் பிறகு பிடிபட்டால் மொத்தமும் போகும்.

பட்டியல் வெளிவந்ததும் இரண்டு வழி திறக்கும். மக்கள் அடிக்கடி குழப்பிக்கொள்வது இங்கேதான். மேன்முறையீடு என்பது உங்கள் பெயர் விடுபட்டால், அல்லது குறைந்த வகையில் போடப்பட்டால் செய்வது. ஆட்சேபனை என்பது தகுதியில்லாத இன்னொருவர் பெயர் இருக்கிறது என்று சொல்வது. அயலவர் மேல் ஆட்சேபனை போட்டால் உங்களுக்கு ஒரு புள்ளியும் கூடாது. வேலிச் சண்டைதான் கூடும். மேன்முறையீட்டில் "நாங்கள் மிகவும் கஷ்டப்படுகிறோம், கருணை காட்டுங்கள்" என்று எழுதுவதிலும் பலனில்லை. எந்தத் தகவல் பிழையாகப் பதிவானது, சரியானது எது, அதற்கு என்ன சான்று என்று எழுதுங்கள். நோய் என்றால் கிளினிக் கொப்பி, கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ், மின்சாரம் என்றால் பில். இதற்கான காலம் மட்டுப்பட்டது. அறிவிப்பு வந்த கிழமையே பிரதேச செயலகத்தின் நலன்புரி நன்மைகள் பிரிவுக்குப் போங்கள். அலைய முடியாதவர்கள் 1924 இல் கேட்கலாம்.

பெயர் வந்தும் காசு வராத வீடுகளும் உண்டு. அங்கே கோளாறு பெரும்பாலும் வங்கிக் கணக்கில் அல்லது அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கும். கணக்கு பயனாளியின் பெயரில், அஸ்வெசுமவுக்கென்று அனுமதித்த வங்கி ஒன்றில் திறக்கப்பட்டிருக்க வேண்டும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் முதலில் அதைத் திருத்துங்கள்.

மேன்முறையீடும் சரிவரவில்லை என்றால் கையில் இருக்கும் கருவி 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நம் ஆட்கள் இதை ஏனோ பத்திரிகைக்காரரின் விஷயம் என்று நினைக்கிறார்கள். பிரதேச செயலகத்தில் தகவல் அதிகாரி ஒருவர் இருப்பார். "என் குடும்பத்தைப் பற்றிப் பதிவான தகவலையும் கிடைத்த புள்ளியையும் தாருங்கள்" என்று தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் எழுதிக்கொள்ள அதிகாரி உதவ வேண்டும், பற்றுச்சீட்டும் தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையிடலாம். அங்கேயும் முடியாவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்குப் போகலாம். உங்கள் விவரத்தை மட்டும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் புள்ளி அவருடைய தனிப்பட்ட தகவல், அதைத் தர மறுக்கலாம்.

மாதர் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ இருந்தால் வேறொன்றையும் கேட்கலாம். உங்கள் கிராம சேவகர் பிரிவில் எத்தனை குடும்பம் விண்ணப்பித்தது, ஒவ்வொரு வகையிலும் எத்தனை தெரிவானது, எத்தனை மேன்முறையீடு வந்தது, எத்தனை ஏற்கப்பட்டது என்ற எண்ணிக்கை. இதில் யாருடைய பெயரும் இல்லாததால் தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடமில்லை. படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியின் எண்ணிக்கையையும் மட்டக்களப்பு நகரின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் பேசுங்கள்.