விஜிலான்டி: காவல்காரனா, கட்டப்பஞ்சாயத்தா?

விஜிலான்டி, அதாவது சட்டத்த தன் கைல எடுத்துக்கிட்டு தண்டிக்கறவன், இந்த இங்கிலீஷ் வார்த்தைய இப்ப சகட்டுமேனிக்கு யூஸ் பண்றாங்க. ராத்திரி முகமூடி மாட்டிட்டு ரவுடிய பொளக்கிற கதாநாயகனும் விஜிலான்டி, லாரிய மறிச்சு மாடு ஏத்திட்டு போற டிரைவர அடிக்கிற கும்பலும் விஜிலான்டி, பெரிய பேங்க் தலைவர் வீட்டு ஜன்னல உடைச்சவனும் விஜிலான்டி. அந்த மூணாவது ஆள் விஷயத்துலதான் எப்பவும் சண்டை வரும், ஏன்னா பேங்க்காரன் மேல யாருக்குத்தான் கோவம் இல்ல, "பண்ணது தப்பே இல்ல"ன்னு பாதி பேரு சொல்லுவாங்க.

முதல்ல வார்த்தை எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துடலாம். லத்தீன்ல விகில்னா முழிச்சிருக்கறவன். ரோம்ல அகஸ்டஸ் காலத்துல, கி.பி. 6ல, விகிலஸ்னு ஒரு படைய வச்சாங்க, ராத்திரி ரோந்து போறதும் தீ பிடிச்சா அணைக்கறதும்தான் அவங்க வேலை. அதுலேருந்து ஸ்பானிஷ்ல விகிலான்தேன்னா காவல்காரன், வாட்ச்மேன், அவ்ளோதான், அதுல எந்த கெட்ட வாசனையும் கிடையாது. இங்கிலீஷ்காரங்க சொல்ற வேக், வாட்ச் ரெண்டும்கூட இதே வேர்தான். (நம்ம "விழி"தான் லத்தீனுக்கு போய் விகில் ஆச்சுன்னு ஃபார்வர்டு வரும், தயவுசெஞ்சு நம்பாதீங்க. சத்தமும் அர்த்தமும் கிட்டக்க இருக்கறது தற்செயல்.)

காவல்காரன் எப்படி தூக்கு போடறவன் ஆனான்? அதுக்கு அமெரிக்காவுல சான்ஃபிரான்சிஸ்கோ போகணும். தங்கம் கிடைக்குதுன்னு 1849ல ஊரே அங்க போய் குவிஞ்சுது, கொலை கொள்ளைன்னு ஒரே ரகளை, போலீஸ் போதாது, கோர்ட்டு மேல நம்பிக்கை இல்ல. 1851ல ஊர்ல உள்ள வியாபாரிங்க சேந்து விழிப்புக் குழுன்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு கமிட்டி ஆரம்பிச்சாங்க. முதல்ல தூக்குல போட்டது ஜான் ஜென்கின்ஸ்னு ஒருத்தன, அவன் செஞ்ச குத்தம் ஒரு இரும்புப் பெட்டிய திருடினது! அந்த வருஷம் மொத்தம் நாலு பேர தொங்க விட்டாங்க.

1856ல ரெண்டாவது ரவுண்டு, இதுதான் இன்னும் சுவாரஸ்யம், ஏன்னா இதுல பேங்க்காரங்களே ரெண்டு பேரு வராங்க. ஜேம்ஸ் கிங்னு ஒருத்தர், பேங்க் தொழில்ல இருந்து நொடிச்சுப் போய், அப்புறம் பத்திரிகை ஆரம்பிச்சு ஊர்ல இருக்கற ஊழல்வாதிங்க, பேங்க் முதலாளிங்க எல்லாரையும் கிழிகிழின்னு கிழிச்சவர். ஜேம்ஸ் கேசிங்கற உள்ளூர் அரசியல்வாதி முன்னாடி ஜெயில்ல இருந்தத அச்சு போட்டாரு, கேசி அவர தெருவுலயே சுட்டுட்டான். உடனே கமிட்டி திரும்ப எந்திரிச்சுது, ஆயிரக்கணக்குல ஆளு சேந்தாங்க, ஜெயிலுக்கே போய் கேசிய இழுத்துட்டு வந்து தூக்குல போட்டாங்க. இதுக்கு தலைமை ஏழை பாழை இல்ல, வில்லியம் கோல்மன்னு ஒரு பெரிய வியாபாரி. எதிர்த்து நின்னது யாரு தெரியுமா, அப்ப அங்க ஒரு பேங்க் கிளைய நடத்திட்டிருந்த வில்லியம் ஷெர்மன், பின்னாடி அமெரிக்க உள்நாட்டுப் போர்ல பேர் வாங்கினாரே அதே தளபதிதான். மாநில ஊர்க்காவல் படைக்கு அவர்தான் பொறுப்பு, கமிட்டிய அடக்க ஆயுதம் கேட்டாரு, கிடைக்கல, ராஜினாமா பண்ணிட்டு போயிட்டாரு. கமிட்டிக்காரங்க அப்புறம் கட்சி ஆரம்பிச்சு பல வருஷம் ஊரையே ஆண்டாங்க. ஆக விஜிலான்டின்னாலே பணக்காரனுக்கு எதிரா எழும்பற ஏழைன்னு நினைச்சுட்டு இருக்கோம் பாருங்க, வார்த்தைக்கு பேர் வாங்கி குடுத்ததே காசு வச்சிருந்த பார்ட்டிங்கதான்.

இப்ப 2009க்கு வருவோம். ஃப்ரெட் குட்வின், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தோட தலைமை அதிகாரி. ஆட்குறைப்பு பண்ணி செலவ குறைக்கறதுல பேர் வாங்கினதால "ஃப்ரெட் த ஷ்ரெட்"னு பட்டப்பேரு (ஷ்ரெட்னா துண்டு துண்டா கிழிக்கறது), 2004ல சர் பட்டம் வேற. 2007ல மத்த ரெண்டு பேங்கோட சேந்து ஏபிஎன் ஆம்ரோங்கற டச்சு பேங்க 7,100 கோடி யூரோவுக்கு வாங்கினாங்க, ஊர் உலகமே ஆட்டம் காண ஆரம்பிச்ச நேரத்துல. 2008 அக்டோபர்ல காசு தீர்ற நிலைமை, அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமா மொத்தம் 4,550 கோடி பவுண்ட் மக்கள் பணத்த கொட்டி காப்பாத்துச்சு. அந்த வருஷ நஷ்டம் 2,410 கோடி பவுண்ட், பிரிட்டன்ல எந்த கம்பெனியும் அதுவரைக்கும் அவ்ளோ நஷ்டம் காட்டினதில்ல. வேலைய விட்டு போன குட்வினுக்கு வருஷத்துக்கு சுமார் 7 லட்சம் பவுண்ட் பென்ஷன், அதுவும் 50 வயசுலேயே! ஹாரியட் ஹார்மன்னு மந்திரி ஒருத்தங்க டிவில வந்து, ஒப்பந்தம் கோர்ட்ல செல்லலாம் ஆனா மக்கள் மன்றத்துல செல்லாதுன்ற மாதிரி பேசினாங்க. எனக்கு அப்புறம் குட்வின் வீட்டு ஜன்னல உடைச்சவங்கள விட இந்தப் பேச்சுதான் ரொம்ப மோசம்னு தோணும். சட்டம் போடற இடத்துல உக்காந்துட்டு, சட்டம் கைவிட்டா ஜனங்க பாத்துப்பாங்கன்னா என்ன அர்த்தம்?

மார்ச் 25 விடியக்காலைல ஸ்காட்லாந்து எடின்பரோல குட்வின் வீட்டு ஜன்னல உடைச்சாங்க, நின்னுட்டிருந்த மெர்சிடிஸ் கார் கண்ணாடியையும் உடைச்சாங்க. நல்லவேளை வீட்ல குடும்பம் இல்ல. அப்புறம் பத்திரிகைக்கு ஒரு இமெயில் வந்துச்சு, சாதாரண ஜனம் வேலை போய் வீடு போய் நிக்குது, இவங்க சொகுசா இருக்காங்க, இது குற்றம், பேங்க் தலைவருங்கள ஜெயில்ல போடணும், இது ஆரம்பம்தான், அப்படின்னு.

இந்த இமெயில கொஞ்சம் உத்துப் பாருங்க. "ஜெயில்ல போடணும்"ங்கறது கோரிக்கை, யாரோ ஒருத்தர்கிட்ட, அதாவது அரசாங்கத்துகிட்ட, கேக்கறது. அது போராட்டம். "இது ஆரம்பம்தான்"ங்கறது நானே போலீஸ், நானே ஜட்ஜ்னு சொல்றது. போராடறவன் அதிகாரத்துல இருக்கறவனப் பாத்து உன் வேலைய செய்யின்னு கத்துவான், விஜிலான்டி அவன் நாற்காலியிலயே போய் உக்காந்துப்பான். ஞாயமான கோவம் இருந்துச்சாங்கறது ரெண்டாவது கேள்விதான், கோவம் ரெண்டு பேருக்கும் அதேதான்.

சரி, சட்டம் ஒண்ணுமே பண்ணலன்னா? இதுதான் கஷ்டமான இடம், "சட்டத்த கைல எடுக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு நழுவக் கூடாது. குட்வின் ஜெயிலுக்கு போகவே இல்ல. மோசடி நடந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு கண்காணிப்பு ஆணையம் விசாரணைய 2010ல மூடிடுச்சு. பேராசைல கண்ண மூடிட்டு முடிவெடுத்து ஒரு பேங்க கவுக்கறது அன்னைக்கு குற்றமே கிடையாது, அதான் நெலமை. பென்ஷன் 2009 ஜூன்ல 3,42,500 பவுண்டா குறைஞ்சுது, சர் பட்டத்த 2012ல பிடுங்கினாங்க. 2013ல புதுசா ஒரு சட்டம் வந்துச்சு, பேங்க கவுக்கற அளவுக்கு பொறுப்பில்லாம முடிவெடுத்தா மேல்மட்ட ஆளுங்களுக்கு 7 வருஷம் வரைக்கும் ஜெயில், ஆனா அது பழைய கணக்குக்கு செல்லாது. ஐஸ்லாந்துல ரூட்டே வேற. அங்கயும் 2009ல பேங்க் ஆளுங்க வீடுகள்ல ராத்திரியில செவப்பு பெயின்ட் ஊத்தினாங்க, அதே நேரத்துல தனியா ஒரு அரசு வழக்கறிஞர நியமிச்சு கேஸ் நடத்தினாங்க. காவ்ப்திங் பேங்க் தலைவர் ஹ்ரெய்தார் மார் சிகுர்த்சன் அஞ்சரை வருஷம் தண்டனை வாங்கினாரு. அவர உள்ள தள்ளினது பெயின்ட் இல்ல, கோர்ட்டு. அதனால என் பதில், எடின்பரோ கேஸ்ல ஞாயம் இல்ல. கோர்ட்டே இல்லாத ஊர்ல, இல்ல கோர்ட்டையே விலைக்கு வாங்கிட்ட ஊர்ல கேட்டா நான் இவ்ளோ சீக்கிரம் பதில் சொல்ல மாட்டேன்.

இனி விஜிலான்டிய தமிழ்ல என்ன சொல்றது. செய்தில "பசு காவலர்கள்"னு போட்டாங்க பாருங்க, அது பெரிய வில்லங்கம். காவலர்னா நமக்கு போலீஸ், பாதுகாக்கறவங்க, அடிச்சுக் கொல்ற கும்பலுக்கு சும்மா கெடைச்ச பாராட்டுப் பத்திரம் அது. நம்ம ஊர்ல காவலுக்கு ஒரு நீண்ட சரித்திரமே இருக்கு. பாடிகாவல்னு, அதாவது ஊர்க்காவல், சோழர் பாண்டியர் கல்வெட்டுலயே வருது. பின்னாடி தெக்கத்தி சீமைல ஊருக்கு ஊரு காவல்காரர் இருந்தாங்க, ஊரு கூலி குடுக்கும், களவு போனா கண்டுபிடிக்கணும், முடியலன்னா காவல்காரரே ஈடு கட்டணும். பதில் சொல்ற கடமை இருந்துச்சு. அது சீரழிஞ்சதும் எப்படின்னா, காவல் கூலி குடுக்காதவன் மாட்ட காவல்காரனே ஓட்டிட்டு போறது, அப்புறம் துப்பு சொல்றேன்னு துப்புக்கூலி வாங்கிட்டு திருப்பி விடறது. கேக்க ஆளில்லாத காவல் அப்படித்தான் போச்சு. (இந்தக் கணக்குல பாத்தா களவு போனதுக்கு ஈடு கட்ட வேண்டிய காவல்காரன் குட்வின்தான், அவருக்கு போய் கூலிய ஏத்தி குடுத்தா ஜனம் கொதிக்காம என்ன செய்யும்!)

கட்டப்பஞ்சாயத்துன்னு சொல்லலாமான்னா கிட்டக்க வரும், ஆனா அதுல ரெண்டு தரப்பையும் கூப்பிட்டு வச்சு பேசற மாதிரியாவது ஒரு நடிப்பு இருக்கும், விஜிலான்டிக்கு அந்த நடிப்பும் தேவையில்ல. தண்டிக்கறதுக்கு பழைய வார்த்தை ஒறுத்தல், குறள்லயும் "வேந்தொறுத்தல்"னுதான் வருது, ஒறுக்கறது ராஜா வேலை. யாரும் நியமிக்காம தானா முளைச்சதுக்கு நம்மகிட்ட தான்தோன்றின்னு அருமையான சொல் இருக்கு, "தான்தோன்றித்தனமா பண்றான்"னு தினமும் திட்டறோம். ரெண்டையும் சேத்து தான்தோன்றி ஒறுப்பாளர்னு எழுதலாம், ஒறுப்பாளர் வாய்ல நுழையலன்னா தான்தோன்றி தண்டனைக்காரர்னு போடுங்க, அதுவும் ஓகே. காவலர் மட்டும் வேணாம். குட்வின் வீட்டு விஷயத்துக்கு அது கூட தேவையில்ல, வீட்ட தாக்கி மிரட்டினாங்கன்னு எழுதினாலே நடந்தது விளங்கிடும்.