இறைத்த தண்ணீர் இறைத்த இடத்துக்கே

மன்னார்குடிப் பக்கம் வடிகாலில் எஞ்சின் வைத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் இறைப்பார்கள். சில நாள் குழாய் வாயில் தண்ணீர் முழுசாகக் கொட்டும். கடைசி வயலில் மட்டும் ஈரமே இருக்காது. கரையோடு நடந்து பார்த்தால் விஷயம் தெரியும்: நண்டு வளை. இறைத்தது அது வழியே வடிகாலுக்கே திரும்பிவிடும். எஞ்சினும் அதையே மறுபடி இறைக்கும்.

இதயப் பம்பு பொருத்திய சிலருக்கு நெஞ்சுக்குள் நடப்பதும் இதேதான்.

எல்விஏடி எனப்படும் இந்தப் பம்பு, வலுவிழந்த இடது கீழறையிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி நேராகப் பெருந்தமனியில் சேர்க்கிறது. ஹார்ட்மேட் 3 என்ற பம்பில் சுழலி காந்த விசையில் மிதந்தபடி, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 முறை சுற்றும். கீழறையிலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வாசலில் மூன்று இதழ் வால்வு ஒன்று உண்டு. நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை திறந்து மூடிய அதற்கு, பம்பு வந்ததும் வேலை போய்விடுகிறது. கீழே அழுத்தம் குறைவு, மேலே எப்போதும் அதிகம். இதழ்கள் மூடியே கிடக்கின்றன. வருஷக்கணக்கில் தூக்காத மதகு ஷட்டரைத் திருகிப் பார்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டாம். இதழ்களின் ஓரம் ஒட்டிக்கொள்கிறது, தமனியின் அடிப்பகுதி விரிகிறது, நடுவில் இடைவெளி விழுந்து ரத்தம் கீழே ஒழுகுகிறது.

ஏமாற்றுவது பம்பின் திரைதான். 5 லிட்டர் என்று காட்டும். அதில் ஒன்றரை லிட்டர் உள்ளேயே சுற்றினால் உடம்புக்குப் போவது மூன்றரைதான். மூச்சு வாங்கும், கால் வீங்கும். எக்கோ எடுத்தால்தான் ஒழுகல் தெரியும்.

முதல் வழி, பம்பின் வேகத்தைக் கொஞ்சம் குறைப்பது. சில துடிப்புக்கு ஒருமுறையாவது வால்வு திறக்கும், முறைப்பாசனம் மாதிரி. அப்புறம் ரத்த அழுத்தம். சராசரி அழுத்தம் 90 மி.மீ. பாதரசத்துக்குள் இருந்தால் பின்னோக்கித் தள்ளுவதும் குறையும். பலருக்கு நாடி கைக்கே அகப்படாது என்பதால் ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கும் டாப்ளர் கருவி வைத்து அளக்கிறார்கள்.

ஒழுகல் முற்றிவிட்டால் நேர்மாறாக வேகத்தைக் கூட்டுவதும் உண்டு. கீழறை வடியும், மூச்சு இளகும். ஆனால் ஒழுகலும் கூடும். நாள் கடத்தும் வேலைதான் அது.

பம்பு வைக்கும்போதே ஒழுகல் கணிசமாக இருந்தால் இதழ்களின் நடுவில் தையல் போடலாம், திசு வால்வும் வைக்கலாம். வால்வை அடியோடு தைத்து மூடிவிட்டால்? பம்பு நின்ற அன்று ரத்தம் போக வழியில்லை. தொடை வழியே புது வால்வு செலுத்துவதிலும் சிக்கல் உண்டு: பெரும்பாலும் சுண்ணம் படிந்து இறுகிய வால்வில் பிடித்து நிற்கிற ஏற்பாடு அது. இங்கே இதழ்கள் மெத்தென்று இருப்பதால் வழுக்கக்கூடும். மாற்று இதயம் கிடைத்தவருக்குப் பம்பும் வால்வும் சேர்ந்தே வெளியே வந்துவிடும்.