வயல் மருந்தின் மிச்சத்தை நோக்கோலுக்கு அடிக்காதீர்கள்

காலபோக நெற்செய்கை தொடங்கினால் எங்கள் பக்கத்தில் இந்தக் கதையும் தொடங்கிவிடும். நெல்லுக்கு அடித்த மருந்தில் கொஞ்சம் மிச்சம் கிடக்கும். வளவில் நிற்கிற நோக்கோல் (நூல்கோல்) இலை ஓட்டை ஓட்டையாக இருக்கும். வீணாகப் போவானேன் என்று மிச்சத்தை அதற்கு அடித்துவிடுவார்கள். இரண்டாம் நாளே அந்த இலை வறையாகித் தட்டுக்கு வந்துவிடும். இந்த முறை கிளிநொச்சிப் பக்கம் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நல்லகாலம், மூவரும் சுகமாகி வீடு திரும்பிவிட்டார்கள். பிறகு நான் போய் விசாரித்தபோது அந்தத் தாய் சொன்னார்: "மிஸ், மூண்டு தண்ணியில கழுவித்தான் சமைச்சனான்."

அவர் சொன்னது உண்மைதான். கழுவித்தான் இருக்கிறார். விவசாயப் போதனாசிரியராக நான் போகிற வீடுகளில் எல்லாம் கேட்கிற பதிலும் இதுதான். ஒருவர் உப்புத் தண்ணீர் என்பார், இன்னொருவர் மஞ்சள் தண்ணீர் என்பார், வேறொருவர் அவித்தால் எல்லாம் போய்விடும் என்பார். போகாது. தயவுசெய்து இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

நோக்கோல் இலையில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஒட்டாமல் உருண்டு ஓடும். இலைமேல் மெழுகுப் படலம் இருப்பதுதான் காரணம். பல பூச்சிகொல்லிகள் எண்ணெய்த் தன்மை உள்ளவை. அவை அந்த மெழுகில் படிந்துவிடும். தண்ணீர் மெழுகில் நிற்காதபோது அதில் படிந்ததை எப்படிக் கழுவி எடுக்கும்? தூசியும் மேலே கிடக்கிற கொஞ்ச மருந்தும் போகும், அவ்வளவுதான். அடுத்தது, சில மருந்துகள் வெளியே நிற்பதே இல்லை. செடி அவற்றை உறிஞ்சிச் சாற்றோடு உள்ளே கொண்டுபோகும். சாறு குடிக்கிற பூச்சி சாவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். இலைக்குள் போனதை எந்தத் தண்ணீரும் வெளியே எடுக்காது. மஞ்சள் போட்டாலும் எடுக்காது. அவிக்கும்போது சில மருந்து கொஞ்சம் சிதையும், சிலது அப்படியே இருக்கும். எந்த மருந்து என்றே தெரியாமல் அடித்துவிட்டு அடுப்பை நம்பி இருக்க முடியுமா?

மருந்தைக் குறைப்பது நாள்தான். வெயிலும் செடியின் வளர்ச்சியும் சேர்ந்து அதைச் சிதைக்க வேண்டும். அதற்காகத்தான் போத்தல் லேபலில், கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் விடவேண்டும் என்று போட்டிருக்கிறது. தமிழிலும் இருக்கிறது, வாசியுங்கள். ஆனால் நெல் மருந்தின் லேபலில் இருக்கிற நாள் நெல்லுக்கு உரியது. நெல்மணி உமிக்குள் இருக்கிறது, அதை உமி நீக்கித்தான் சாப்பிடுகிறோம். நோக்கோல் இலையை அப்படியே அரிந்து சட்டியில் போடுகிறோம். கிழங்கு என்று நாங்கள் சொல்கிற அந்தத் தண்டையாவது தோல் சீவிச் சாப்பிடுகிறோம். இலையில் எதைச் சீவுவது? இதற்குமேல், அளவும் தெரியாது. ஏக்கர் கணக்கு மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் "ஒரு மூடி" ஊற்றினால் அது எத்தனை மடங்கு என்று ஊற்றினவருக்கே தெரியாது.

அந்தத் தாயின் வீட்டில் மிச்ச மருந்து இருந்தது தண்ணீர்ப் போத்தலில். லேபலும் இல்லை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால். அதைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

சரி, புழுவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். இலையின் அடியில் சிறிய பச்சைப் புழு, தொட்டால் பின்பக்கமாக நெளிந்து நூல் விட்டுத் தொங்குகிறதா? அது வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. உலகத்திலேயே மருந்துக்கு மிக விரைவாகப் பழகிக்கொள்கிற பூச்சிகளில் இதுவும் ஒன்று. 1950களிலேயே ஜாவாவில் டிடிடி என்ற பூச்சிகொல்லிக்கு அசையாமல் நின்றது. கண்டபடி மருந்து அடித்தால் அதைத் தின்கிற குளவிகளும் சிலந்திகளும் செத்துவிடும், புழு நிற்கும். அடுத்த முறை இன்னும் கூட அடிப்பீர்கள்.

பத்து இருபது செடிக்குக் கை போதும். விடியக் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து முட்டையையும் புழுவையும் நசுக்குங்கள். நாற்று நட்ட முதல் மூன்று வாரம் கவனமாகப் பாருங்கள். அப்போது குருத்தைத் துளைக்கிற புழு வந்தால் செடி போய்விடும். தண்டு பருக்கத் தொடங்கிய பிறகு இலையில் நாலு ஓட்டை விழுந்தால் ஒன்றும் கெட்டுப்போகாது, ஓட்டை இலையும் வறைக்கு நல்ல இலைதான். வேப்பங்கொட்டை வன்னியில் காசுக்கு வாங்கவேண்டிய சாமான் இல்லை. காய்ந்த பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் போட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பின்னேரம் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். கிழமைக்கு ஒருக்கால் செய்யலாம்.

நாற்றை வலையால் மூடுவதும் நல்லது. ஆனால் மலேரியாக் காலத்தில் எங்கள் பகுதிகளில் கொடுத்த நுளம்பு வலைகளில் பூச்சிகொல்லி ஏற்றியிருந்தார்கள். 2016இல் நாடு மலேரியா அற்றதாக அறிவிக்கப்பட்டது, வலைகள் இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. மரக்கறிக்கு மேல் அவற்றைப் போடவேண்டாம்.

இன்னொன்று, பிந்தி விதைத்துவிட்டுப் பெரிதாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நோக்கோலுக்குக் குளிர் வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழையோடு நாற்றுப் போட்டால் இரண்டு மாதம் அளவில் பிடுங்கலாம். தண்டின் குறுக்களவு 5 முதல் 7 சென்ரிமீற்றர் வந்ததும் வெட்டிவிடுங்கள். அதற்குமேல் விட்டால் நார் வைக்கும், பாற்கறியில் மரக்கட்டை கடித்ததுபோல இருக்கும். வெயில் ஏறினால் புழுவும் ஏறும், பிறகு கை மருந்துப் போத்தலைத்தான் தேடும்.

சாப்பிட்ட பிறகு யாருக்காவது வாயூறி, வியர்த்து, வாந்தியும் வயிற்றோட்டமும் வந்தால், கண்மணி சிறுத்தால், மூச்சு முட்டினால் அம்புலன்ஸ் இலக்கம் 1990க்கு எடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அடித்த மருந்துப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், டொக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

இப்போதே வயல் மருந்து அடித்துவிட்டு நிற்கிறீர்களா? அந்தச் செடியைச் சமைக்க வேண்டாம், அயலுக்கும் கொடுக்க வேண்டாம், ஆடு மாட்டுக்கும் போட வேண்டாம். பிடுங்கிக் கிணற்றுக்குத் தூரமாகப் புதைத்துவிடுங்கள். மருந்தின் பெயர் தெரிந்தால் 1920க்கு எடுத்துக் கேளுங்கள், விவசாயத் திணைக்களத்தின் இலக்கம் அது. அல்லது உங்கள் பகுதிப் போதனாசிரியரிடம் போத்தலோடு வாருங்கள். ஏச மாட்டோம். வாருங்கள்.